சிவப்பு மையில் எண்ணிட்ட மெர்சிங் பாடங்கள்

வந்த கடிதத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் ‘கிடைத்தது’ என்றாவது ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். முழுப் பதில் தாமதமாகலாம், அந்த ஒரு வரி தாமதமாகக் கூடாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் நான் கெராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த அரசாங்க அலுவலகத்தின் கையேட்டில், கடிதப் போக்குவரத்து என்ற தலைப்பின் கீழ் முதல் விதி இதுதான். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, அதை ஏன் சீண்ட வேண்டும்? மலேசியாவில், ஜோகூர் பாருவில் இருந்தது, அதன் மின்தூக்கி வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்தது. உங்களுக்கு இவ்வளவு போதும்.

அந்த விதி மறுபடி நினைவுக்கு வந்தது போன வாரம், தம்போயில் ஒரு நகலெடுக்கும் கடையில். இரண்டு கார் பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கடை அது. வெளியே வெல்டிங் புகை, உள்ளே சூடான டோனர் வாசனை. கடைக்காரர் பாபுவிடம் ஒரு தடித்த வெள்ளைக் கோப்பைக் கொடுத்து, ஒரு தாள் விடாமல் வரிசைப்படி எடுக்கச் சொன்னேன். அவர் புரட்டிப் பார்த்தார்.

“என்ன ஆண்டி, கோர்ட் கேஸா?”

“பாடம்.”

“பாடத்துக்கு ஏன் செவப்பு நம்பர்? அலமாக், நூத்திப் பன்னெண்டு வரைக்கும் போகுது. வச்சிட்டுப் போங்க, சாய்ந்தரமா வாங்க.”

கோப்பை வைத்துவிட்டுப் போவதா? பொறுப்பாளர் இல்லாமல் கோப்பு தனியே இருக்கக் கூடாது என்பது கையேட்டில் வேறொரு விதி. பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இயந்திரம் ஒவ்வொரு தாளாக விழுங்கித் துப்பியது. அந்தச் சூட்டு வாசனைதான் என்னைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

எங்கள் அலுவலகத்து அச்சுப்பொறிக்கும் இதே வாசனை. அது என் மேசைக்குப் பின்னால் இருந்தது. மதிய இடைவேளையில் எல்லாரும் கீழே நாசி லெமாக் கடைக்கு இறங்கிய பிறகு, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு அலுவலகக் கணினியில் ஆங்கில ஆசிரியர்களின் வலைப்பூக்களைப் படிப்பேன். அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற சுற்றறிக்கையை எல்லா மேசைக்கும் தட்டச்சு செய்து கொடுத்தவளே நான்தான். ஆகவே என்ன செய்கிறேன் என்பது தெரிந்துதான் செய்தேன். பிடித்ததை அச்செடுக்கும் தாளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். அந்த அளவுக்கு நான் யோக்கியம்.

எனக்கு ஆங்கில ஆசிரியையாக வேண்டும். பல வருடங்களாக. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கெலாங் பாத்தா பக்கம் இடைநிலைப் பள்ளியில் நான் இரண்டாம் படிவம் படித்தபோது, ஆங்கில ஆசிரியை மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதில் ஆள் வரவில்லை. அந்த ஆண்டு முழுவதும் அட்டவணையில் ஆங்கிலம் இருந்தது, வகுப்பில் இல்லை. மணி அடிக்கும், நாங்கள் நாற்பது பேரும் வெற்றுப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அடுத்த மணி அடிக்கும். வெற்று நாற்காலி ஒன்றின்மேல் எனக்கு வந்த கோபம் அது. பிற்காலத்தில் அஞ்சல்வழி படித்துப் பட்டம் வாங்கும்வரை அந்தக் கோபம் ஆறவில்லை. பட்டம் வாங்கிய பிறகும் ஆறவில்லை என்பதுதான் உண்மை.

பட்டம் வகுப்பில் நிற்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அதை வலைப்பூக்கள்தான் கற்றுக்கொடுத்தன. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. யாரோ ஓர் ஆசிரியர், மாலையில் வீட்டுக்கு வந்து சமைத்து முடித்துவிட்டு, இன்று வகுப்பில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதுவார். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி கொடுக்கவில்லை. வலது ஓரத்தில் தான் படிக்கும் மற்ற ஆசிரியர்களின் பட்டியல் இருக்கும். ஒருவரைத் தொட்டால் இன்னொருவர் வீட்டுக் கதவு திறக்கும். சிலர் மிகவும் உபதேசம் செய்தார்கள். சிலர் தாங்கள் வாங்கிய நற்சேவை விருதைப் படமெடுத்துப் போட்டார்கள். அவர்களை நான் இரண்டாம் முறை எட்டிப் பார்க்கவில்லை.

நான் விடாமல் படித்தது ஒருவரை மட்டும்தான். மெர்சிங் பக்கத்து மீனவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பெயர் சொல்லவில்லை, ‘கடலோரத்து மிஸ்’ என்று மட்டும் போட்டிருந்தார். மலாய்க்காரரா, சீனரா, நம்மவரா என்பது எழுத்திலிருந்து தெரியவில்லை. அவருடைய ஒரு பக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நினைவு: இன்றைய பாடம் செத்துப் போனது, கொன்றது நான். கணவாய் மீன் காயப்போடுவதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தாங்காமல் இவரே நாற்பது நிமிடம் கணவாயைப் பற்றிப் பேசியிருக்கிறார். இவர் வாழ்நாளில் ஒரு கணவாயைக்கூடக் காயப்போட்டதில்லை.

அடுத்த வாரம் எழுதினார், கண்டுபிடித்துவிட்டேன் என்று. கேள்வி கேட்டதும் வாயை மூடு. மனதுக்குள் பத்து எண்ணு. ஐந்தில் உனக்கு வியர்க்கும், ஏழில் ஓடிப்போகத் தோன்றும். எட்டிலோ ஒன்பதிலோ ஒரு பிள்ளை பேசும். அது என்ன சொன்னாலும் உடனே திருத்தாதே. சொன்னபடியே பலகையில் எழுது, கீழே அந்தப் பிள்ளையின் பெயரைப் போடு. பிறகு எல்லாருமாக அதைச் செப்பனிடுங்கள்.

பதிலுக்காகக் காத்திருப்பதே என் பிழைப்பாக இருந்தது. காத்திருப்பதில் ஒரு கலை இருக்கிறது என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். அச்செடுத்த தாள்களை வேறொருத்தியாக இருந்தால் பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாள். என் கை அப்படிப் பழகவில்லை. ஒரு வெள்ளை அட்டை எடுத்தேன், துளை போட்டேன், பச்சை நூலில் கோத்தேன். வரும் தாளுக்குச் சிவப்பு மையில் எண், போகும் தாளுக்கு நீல மையில் எண், இடப்பக்கம் குறிப்புத் தாள். அட்டையில் ‘ஆங்கிலப் பாடம் – பொது’ என்று தலைப்பு எழுதினேன். தலைப்பு எழுதிய கை அதோடு நிற்குமா? கோப்புப் பதிவேட்டைத் திறந்து அடுத்த எண்ணையும் கொடுத்துவிட்டது. பொய் சொல்லவில்லை, எண் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் என்ன செய்தேன் என்றே உறைத்தது. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. ஆகவே விட்டுவிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் அது இரும்பு அலமாரியில் நிம்மதியாக இருந்தது. ஒரு நாள் தணிக்கைக்கு ஆள் வந்தார்கள். பதிவேட்டில் விரலை வைத்து, கண்ட இடத்தில் நிறுத்தி, அந்தக் கோப்பைக் கொண்டுவரச் சொல்வது அவர்கள் வழக்கம். விரல் என் கோப்பில் நின்றது. வந்தவர் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. எண் வரிசையைப் பார்த்தார், குறிப்புத் தாளைப் பார்த்தார். அறிக்கையில், இந்த அலுவலகத்தில் விதிப்படி பராமரிக்கப்படும் ஒரே கோப்பு இது, மற்றவர்கள் இதை மாதிரியாகக் கொள்ளலாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மாதிரிக் கோப்பைப் பார்க்க எங்கள் தலைமை அதிகாரி செல்வரத்தினம் ஆசைப்பட்டார். அவர் இலங்கை வழி வந்தவர். தாத்தா தபால் இலாகா, அப்பா ரயில்வே, மூன்று தலைமுறையாக அரசாங்க நாற்காலி. கோபத்திலும் சட்டைக் கை மடிப்பு கலையாத மனிதர். அவர் மேசைத் தட்டில் அப்போது என்னுடைய விண்ணப்பம் ஒன்று கிடந்தது. ஆசிரியர் பணிக்கு மாற்றிக் கொடுக்கும்படி கேட்ட விண்ணப்பம். அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் மேலே போகும். வயது வரம்பைத் தாண்ட எனக்குப் பதினான்கு மாதம்தான் மிச்சம். எட்டு மாதமாக அது அந்தத் தட்டில் இருந்தது. இரண்டு நினைவூட்டல் கொடுத்திருந்தேன், இரண்டையும் அதன்மேலேயே அடுக்கியிருந்தார்.

என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோப்பு முன்னால் விரிந்திருந்தது.

“என்ன பிள்ளை இது? மெர்சிங்கில கணவாய் காயப்போட்டால் எங்களுக்கென்ன?”

“பாடம் சார்.”

“ஆருக்கு?”

“எனக்கு.”

அவர் சில தாள்களைப் புரட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குரல் இறங்கித்தான் வந்தது.

“இப்படி ஒரு ஃபைல் என்ர சர்வீஸில நான் கண்டதில்லை. உம்மை டீச்சராக்கி அனுப்பிப்போட்டு நான் இங்க ஆரை வச்சு வேலை செய்யிறது?”

அன்றுதான் புரிந்தது. வேலையில் பிழை விட்டிருந்தால் சந்தோஷமாக அனுப்பி வைத்திருப்பார். ஒழுங்காகச் செய்ததற்குத் தண்டனை. அவர் என் கண் முன்னாலேயே தட்டிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, ‘சேவை இங்கு தேவைப்படுவதால் ஆதரிக்கப்படவில்லை’ என்று அழகான எழுத்தில் எழுதினார். பிறகு கோப்பைத் தள்ளிவிட்டு, இதைக் கிழிச்சுப் போடும் என்றார்.

“முடியாது சார். நம்பர் வாங்கின கோப்பு. எழுத்துல அனுமதி இல்லாம அழிக்கக்கூடாது. அனுமதி கேட்டு மேலிடத்துக்கு லெட்டர் டைப் பண்ணட்டா? காரணம்னு என்ன போடட்டும்?”

மாதிரிக் கோப்பு என்று தணிக்கையில் பாராட்டு வாங்கியதை அழிக்க அனுமதி கேட்டு எழுதினால், அடுத்த கடிதம் அவருக்குத்தான் வரும். இருவருக்கும் அது தெரியும். அவர் பேனாவை எடுத்து, என் குறிப்புத் தாளிலேயே எழுதினார்: ‘இது அலுவலகப் பதிவு அல்ல. எண்ணை ரத்து செய்து, கோப்பை உரியவரிடம் ஒப்படைக்கவும்.’

“உரியவர் யார் சார்?”

“அதையும் நானே சொல்லவேணுமோ?”

அவரைப் பற்றி இதற்கு மேல் குறையாக எழுத மனம் வரவில்லை. நான்கு வருடம் முன்பு காலமானார். கோப்பைக் கிழிக்காமல் என் கையில் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் என் நாற்காலியைக் காலியாக வைத்தவர் பட்டியலில் அவருக்கும் இடம் உண்டு. அதை நான் அடிக்கப் போவதில்லை.

கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பினேன். உரியவர் யார்? எழுதியது நான் அல்ல. கடலோரத்து மிஸ்தான் உரியவர். வலைப்பூவில் அவர் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அதுவரை வந்த தாள்கள் தொண்ணூற்றெட்டு, எல்லாம் சிவப்பு. தொண்ணூற்றொன்பதாவதை நீல மையில் எண்ணிட்டு ஒரு கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதினேன்: பொருள், மேற்கோள் எண், பத்தி எண். பத்தி ஒன்று: தங்கள் எழுத்துகள் அடங்கிய கோப்பு என் பொறுப்பில் உள்ளது, எங்கே ஒப்படைப்பது எனத் தெரிவிக்கவும். பத்தி இரண்டு: நியமனக் கடிதம் இல்லாத ஒருவர் வகுப்பின் முன் நிற்கலாமா? விரைவான பதில் எதிர்பார்க்கப்படுகிறது. நன்றி.

செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். புதன், வியாழன், வெள்ளி, மூன்று வேலை நாள் காத்திருந்தேன். சனிக்கிழமை வகுப்பில் போய் நின்றேன்.

வகுப்பு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். தம்போயில் ஒரு கோயிலின் அன்னதான மண்டபம். சாம்பார் வாசனை போகாத மேசைகள், பழைய நாள்காட்டியைத் திருப்பி ஒட்டி ஒரு பலகை. வந்தவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள், இல்லையென்றால் பத்து வயது குறைந்தவர்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளன் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு, என்னத்துக்கு ஆட்டினோம் என்று தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள். கூலி வாங்காமல் கற்றுக்கொடுக்க யார் அனுமதியும் வேண்டாம். கையேட்டை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டுதான் போனேன்.

முதல் சனிக்கிழமை பாடம் செத்துப் போனது. கொன்றது நான். உங்கள் வேலை என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கெராணி வேலையைப் பற்றி நானே பேசினேன். தொண்ணூற்றெட்டு பாடத்துக்கும் சிவப்பு மையில் எண் போட்டவள், ஒன்றையாவது உள்ளே வாங்கியிருந்தால்தானே?

அடுத்த சனிக்கிழமை பத்து எண்ணினேன். ஐந்தில் வியர்த்தது. ஏழில் வாசலைப் பார்த்தேன். எட்டில் பரமேஸ் பேசினாள். ஸ்குரூ முடுக்குகிற வேலையில் இருந்தவள். பேசினாள் என்றால், சொற்களை ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தாள். நான் ஸ்குரூ போடுவேன், சூப்பர்வைசர் கோபிப்பான், மறுபடி போடுவேன். அவ்வளவுதான். சொன்னபடியே பலகையில் எழுதி, கீழே பரமேஸ்வரி என்று போட்டேன். வகுப்பு முடிந்ததும் அவள் அந்தப் பலகையைப் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை தாமதமாக வந்தாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

“மிஸ், அவன் என் தட்டுல நாலு பீஸ் கொறையுதுன்னான். எப்பவும் நான் தலைய ஆட்டிட்டுப் போயிருவேன். இன்னிக்கி, யார் எண்ணுனது, எனக்கு முன்னால எண்ணுன்னு இங்கிலீஷ்ல கேட்டேன். கேட்டுட்டு வாய மூடிக்கிட்டேன். அவன்தான் மிஸ் பேசாம நின்னான், ஒம்பது வரைக்கும்.”

“பத்துல?”

“எண்ணினான். சரியாத்தான் இருந்துச்சு.”

எனக்கு நியமனக் கடிதம் அன்றைக்குக் கிடைத்ததாக ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டின்படி நான் கெராணியாகச் சேர்ந்து கெராணியாகவே விருப்ப ஓய்வு பெற்றவள். ஆனால் பன்னிரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் அந்த மண்டபத்தில் நிற்கிறேன். பெருந்தொற்றின்போது மட்டும் வகுப்பு இல்லை. இடையில் ஜோகூர் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். வரும் ஜனவரியில் மறுபடி சனி, ஞாயிறாக்கப் போகிறார்கள். எப்படி மாற்றினாலும் சனி மட்டும் அசையவில்லை. அது எனக்காகவே செய்ததாக எடுத்துக்கொண்டேன்.

கடலோரத்து மிஸ்ஸிடமிருந்து பதில் இல்லை. கெராணிகளுக்கு ஒரு தினக்குறிப்பு உண்டு. பதில் வராத கோப்பை எந்தத் தேதியில் மறுபடி மேசைக்கு எடுக்க வேண்டும் என்று அதில் குறித்து வைப்போம். வருடத்துக்கு ஒரு முறை நினைவூட்டல் அனுப்பினேன். அதே பொருள், அதே மேற்கோள் எண், எல்லாம் நீல மை. நூறு முதல் நூற்றுப் பதினொன்று வரை. இரண்டாவது நினைவூட்டலுக்குப் பிறகு அந்த வலைப்பூவே திறக்கவில்லை. இடம் கொடுத்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டதாம். வலது ஓரப் பட்டியலில் இருந்த மற்ற ஆசிரியர்களைத் தேடினேன். ஒருவர் முகவரியில் இப்போது மெலிவதற்கான தேயிலை விற்கிறார்கள். இன்னொருவர் முகவரியில் சூதாட்டம். மிச்சமெல்லாம் ‘பக்கம் கிடைக்கவில்லை’. செத்துப்போன பாடங்களை அவ்வளவு நேர்மையாக எழுதி வைத்தவர்கள் ஒருவருமே இல்லை. ஒருவர் கதவு வழியாக இன்னொருவர் வீட்டுக்குப் போகும் அந்தத் தெருவே இல்லை. இப்போது வகுப்பில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரு நிமிடக் காணொளிகள் கிடைக்கின்றன. எல்லாப் பாடமும் வெற்றி, எல்லாப் பிள்ளையும் கை தூக்குகிறது. நான் நம்பவில்லை.

அந்தத் தெருவில் ஒரு வீடு மட்டும், பச்சை நூலில் கோத்து, என் துணி அலமாரியில் இருந்தது.

பன்னிரண்டாவது நினைவூட்டலுக்குப் பதில் வந்தது. ஆங்கிலத்தில், என்னைப் போலவே பத்தி எண் போட்டு எழுதியிருந்தார். பணி ஓய்வு பெற்று மெர்சிங் படகுத்துறைக்கு அருகில் இருக்கிறாராம். பழைய மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல் மறந்துபோய், அண்ணன் மகள் இப்போதுதான் திறந்து கொடுத்தாளாம். உள்ளே ஒரே தலைப்பில் பதின்மூன்று கடிதங்கள். முதலில் ஏதோ வழக்கு என்று பயந்துவிட்டாராம்.

பத்தி ஒன்று: உரியவரிடமே இப்போது ஒன்றுகூட இல்லை. நீங்கள் வைத்திருந்தால் எனக்கு வேண்டும், முக்கியமாகக் கணவாய்ப் பாடம்.

பத்தி இரண்டு: பத்து எண்ணச் சொன்னவள் நான். நீங்கள் மூன்றுக்கு மேல் எண்ணியிருக்க மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தோரணையிலிருந்து தெரிகிறது. நல்லது. முதல் நாற்பது பக்கங்களை நான் எழுதியபோது தற்காலிக ஆசிரியை. என் நியமனக் கடிதமும் அப்போது வரவில்லை.

பாபு தாள்களைத் தட்டி அடுக்கி இரண்டு கட்டுகளாக நீட்டினார். நகல் எனக்கு. அசல், செல்வரத்தினம் எழுதிய குறிப்பின்படி, உரியவருக்கு. வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மெர்சிங் பேருந்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தபாலில் அனுப்பினால் கிடைத்தது என்று ஒரு வரி வர எவ்வளவு நாளாகும் என்பது எனக்குத் தெரியும்.

கடைசித் தாளான அவர் பதிலுக்குச் சிவப்பு மையில் நூற்றுப் பன்னிரண்டு. அதன் கீழே, விதிப்படி, கிடைத்த நாள்: 17 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை, ஜோகூரில் வேலை நாள்.